கிராஃபிக்ஸ் கார்டின் விலையை வைப்பது யார்? கடலூர்க் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்துப் பதினாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் வருகிறார்கள். பிளெக்ஸ் பேனர் கடைக்காரர்கள் வருகிறார்கள். புதுச்சேரியில் படிக்கும் கட்டடக்கலை மாணவர்கள், பிளஸ் டூ முடித்த கையோடு அப்பாவை அழைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் என்று எல்லோரும் கடைசியில் தயங்கி நிற்பது, கம்ப்யூட்டரில் படத்தையும் வீடியோவையும் உருவாக்கிக் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டின் விலையில்தான். "இவ்வளவா?" என்று கேட்கும்போது அவர்கள் கண்ணில் ஒரு சந்தேகம் தெரியும். கடைக்காரர் ஏற்றிச் சொல்கிறாரோ என்ற சந்தேகம். கேட்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை; மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு பொருளுக்குக் கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி சரியான ஆளிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, கவுன்டரில் நின்று நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

என்விடியா கார்டு என்கிறீர்கள். பெட்டியில் வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதே?

என்விடியா என்ற அமெரிக்க நிறுவனம் வடிவமைப்பது கார்டின் மூளையான சிப்பை. அதை வார்த்துக் கொடுப்பது பெரும்பாலும் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலை, 3080 போன்ற 3000 வரிசைக் கார்டுகளுக்குச் சாம்சங் செய்து கொடுத்தது. அந்தச் சிப்பை ஆசுஸ், கிகாபைட், எம்.எஸ்.ஐ., ஜோடாக் போன்ற கார்டு நிறுவனங்கள் விலைக்கு வாங்குகின்றன. பலகை, மின்விசிறி, வெப்பத்தை இறக்கும் உலோகத் தகடு, பெட்டி எல்லாம் அவர்கள் செலவு. மூன்று ஆண்டு வாரண்டி என்றால் அதைச் சுமப்பதும் அவர்கள்தான். என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. பக்கம் சஃபையர், பவர்கலர், எக்ஸ்.எஃப்.எக்ஸ். ஆகியவை இதே வேலையைச் செய்கின்றன. ஆசுஸ், கிகாபைட் போன்றவை இரண்டு பக்கமும் கார்டு செய்கின்றன.

அப்படியானால் விலையை வைப்பது அந்தக் கார்டு நிறுவனம்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடிக் கைலிக்குப் பெயர் உண்டு. அங்கே ஒரு நெசவுக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நூல் ஒரே ஒரு முதலாளியிடம்தான் கிடைக்கும். நூலின் விலையை அவர் சொல்வார். கைலி சந்தையில் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்பதையும் அவரே ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுவார். எத்தனை கட்டம், எந்த அளவு சாயம் என்பதற்கும் அவர் ஒப்புதல் வேண்டும். இதோடு, எதிர்ச்சாரியில் அவரே ஒரு கடை போட்டு, தன் நூலில் தானே நெய்த கைலியை அறிவித்த விலைக்கே விற்பார். தறி, கூலி, தேங்கும் சரக்கு, கிழிந்து திரும்பும் துணி எல்லாம் நெசவாளி கணக்கு. இப்போது கைலியின் விலையை வைத்தது யார் என்று சொல்லுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு வியாபாரம் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. மேடை ஏறி, "தொடக்க விலை இத்தனை டாலர்" என்று அறிவிப்பது சிப் நிறுவனம். அது பரிந்துரைதான், சட்டப்படி யாரையும் கட்டாது. ஆனால் உலகம் முழுவதும் வாங்குகிறவர் மனத்தில் அந்த எண் பதிந்துவிடுகிறது. சிப்பின் விலையும் சிப் நிறுவனத்தின் கையில். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன மிஞ்சுகிறதோ, அதற்குள் கார்டு நிறுவனம், இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் நான்கு பேரும் பிழைக்க வேண்டும்.

எதிர்ச்சாரிக் கடை 2016 மே மாதத்தில் வந்தது. ஜி.டி.எக்ஸ். 1080 வெளியானபோது என்விடியா தன் சொந்தக் கார்டுக்கு 'ஃபவுண்டர்ஸ் எடிஷன்' என்று பெயர் வைத்தது. மற்றவர்களின் தொடக்க விலை 599 டாலர், தன்னுடையது 699 டாலர் என்று நூறு டாலர் மேலே வைத்தது. அப்போது கார்டு நிறுவனங்களுக்கு மூச்சுவிட இடம் இருந்தது. 2020-இல் 3080 வந்தபோது அந்த இடம் போய்விட்டது. உயர்தரக் குளிர்விப்பு அமைப்போடு செய்த தன் சொந்தக் கார்டையே அறிவித்த 699 டாலருக்கு என்விடியா விற்றது. சிப்பை அதே நிறுவனத்திடம் விலைக்கு வாங்கி, அதே தரத்தில் செய்து, அதே 699-க்கு விற்று லாபம் பார்ப்பது மற்றவர்களுக்கு எப்படி முடியும்?

வடிவமைப்பிலும் கட்டுப்பாடு உண்டு. சிப்புக்கு எவ்வளவு மின்னழுத்தம் தரலாம், எந்த அளவுக்கு வேகம் கூட்டலாம் என்பதற்கெல்லாம் வரம்பு சிப் நிறுவனம் வைத்ததுதான். கார்டு நிறுவனங்கள் தங்களுக்குள் திறமையால் முந்திக்கொள்ள மிஞ்சுவது மின்விசிறியும், வண்ண விளக்கும், பெட்டியின் மேல் போடும் படமும். ஒரே சிப்பில் பத்து மாடல்கள் ஏன் இருக்கின்றன என்று கேட்பீர்கள் அல்லவா, காரணம் இதுதான்.

இ.வி.ஜி.ஏ. கார்டுகள் ஏன் வருவதில்லை?

அந்த நிறுவனம் இந்த வியாபாரத்தையே விட்டுவிட்டது. 1999-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல், கிராஃபிக்ஸ் கார்டு என்றால் என்விடியா சிப்பில் மட்டுமே செய்த நிறுவனம் அது. அமெரிக்காவில் வாடிக்கையாளர் சேவைக்கு அதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2022 செப்டம்பர் 16 அன்று, இனிமேல் கிராஃபிக்ஸ் கார்டு செய்வதில்லை என்று அறிவித்தது. அதன் வருமானத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கார்டுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு நிறுவனம் தன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கை வேண்டாம் என்று தள்ளியது. ஏ.எம்.டி.க்கோ இன்டெலுக்கோ மாறவும் இல்லை.

தலைவர் ஆண்ட்ரூ ஹான் சொன்ன காரணங்கள் வெளியே வந்தபோது நான் இரண்டு முறை படித்தேன். புதிய சிப்பின் விலை தங்களுக்கே முன்கூட்டித் தெரிவதில்லை; மேடையில் அறிவிக்கும்போதுதான் உலகத்தோடு சேர்ந்து தாங்களும் தெரிந்துகொள்கிறோம். கார்டை எந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. சிப் நிறுவனத்தின் சொந்தக் கார்டு தங்கள் விலையை அடியில் அறுக்கிறது. இவை அவர் வைத்த முறையீடுகள். கூட்டாளி என்று அழைக்கிறார்கள், மரியாதை இல்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த வருத்தம்.

எனக்கு அந்தப் பட்டியல் புதிதாகவே தோன்றவில்லை. விநியோகஸ்தர் என்னிடம் நடந்துகொள்ளும் முறையும் அதுவே. விலைப்பட்டியல் சரக்கோடு வரும். அதற்கு முன் வராது. மேலே இருப்பவர் நடுவில் இருப்பவரை நடத்துவது போலவே, நடுவில் இருப்பவர் கீழே இருப்பவரை நடத்துகிறார்.

நெட்டில் 699 டாலர் என்று போட்டிருக்கிறது. இங்கே அதைவிட எவ்வளவோ அதிகம் சொல்கிறீர்களே?

கணக்கைச் சேர்ந்தே போடலாம். 3080-ஐயே எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பரில் டாலர் சுமார் 73 ரூபாய் 50 காசு. 699 டாலர் என்றால் ஏறத்தாழ 51,400 ரூபாய். அமெரிக்காவில் சொல்லும் விலையில் விற்பனை வரி சேராது. நம் நாட்டில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துத்தான் சொல்வோம். சேர்த்தால் 60,600 ரூபாய். இந்தியாவுக்கு என்று அறிவித்த தொடக்க விலை 71,000 ரூபாய். மிச்சமுள்ள பத்தாயிரத்துச் சொச்சத்தில் விமானக் கூலி, இறக்குமதியாளர், விநியோகஸ்தர், டாலர் ஏறினால் தாங்குவதற்கு ஒரு தலையணை, பழுது வந்தால் மாற்றிக் கொடுக்கும் செலவு, சென்னையிலிருந்து கடலூருக்குப் பார்சல், கடைசியாக நான்.

எழுபதாயிரம் ரூபாய்க் கார்டு ஒன்றை விற்றால் என் கையில் நிற்பது 1,500 முதல் 2,500 ரூபாய். மௌஸும் கீபோர்டும் விற்பதில் எனக்குக் கிடைக்கும் சதவீதம் இதைவிடப் பல மடங்கு அதிகம். என்விடியாவின் மொத்த லாப விகிதம் 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் சுமார் 65 சதவீதம். சங்கிலியின் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2021-இல் அதே கார்டை ஒன்றரை லட்சம் என்றீர்களே, அது நியாயமா?

நியாயம் இல்லை. எனக்கும் அது தெரிந்தே இருந்தது.

பண்ருட்டியிலிருந்து ஒரு வீடியோ எடிட்டர் வந்தார். தை மாத முகூர்த்தங்களுக்கு வேலை குவிந்து கிடந்த நேரத்தில் அவருடைய பழைய கார்டு எரிந்துவிட்டது. "அண்ணே, எழுபத்தொன்று என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் விலைக்கு நான் ஆறு கல்யாணம் எடுக்க வேண்டும்" என்றார். அவரிடம் என் கொள்முதல் பில்லையே எடுத்துக் காட்டினேன். நான் வாங்கிய விலையே ஒரு லட்சத்து நாற்பதைத் தாண்டியிருந்தது.

அந்த ஆண்டு எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தைத் தோண்டுவதற்காக, அதாவது கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஈட்டுவதற்காகக் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். கொரோனாவால் சிப் தட்டுப்பாடு வேறு. அறிவித்த விலை காகிதத்தில் இருந்தது. சரக்கு வேறு விலையில் நகர்ந்தது. தோண்டும் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பூட்டு ஒன்றை 2021 பிப்ரவரியில் 3060-இல் என்விடியா போட்டது. அது எங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். இரண்டு கார்டு வேண்டும் என்று ஒரு விநியோகஸ்தரிடம் கேட்டேன். "கார்டு இரண்டு வேண்டும் என்றால் மதர்போர்டு எட்டு, பவர் சப்ளை ஆறு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். யாரும் கேட்காத, ஒரு தலைமுறை பழைய மதர்போர்டுகள். எடுத்தேன். அவற்றில் மூன்று இன்னமும் என் பரணில் இருக்கின்றன. அந்தத் தேக்கத்தின் செலவையும் கார்டின் விலையில்தான் நான் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த எடிட்டர் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி, அவர் கண்ணால் பார்க்காத மதர்போர்டுக்குப் போனது. இதை அவரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார். அந்த மௌனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரு பொருள் வேண்டும் என்றால் இன்னொன்றையும் வாங்கு என்று கட்டாயப்படுத்துவது சட்டப்படி சரியா?

2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் பிரிவு 3(4) இதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒன்றோடு ஒன்றைக் கட்டி விற்பது, வேறு யாரிடமும் வாங்கக் கூடாது என்பது, ஒருவருக்கு மட்டும் சரக்கு மறுப்பது, மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். ஆனால் இவை தன்னாலேயே குற்றம் ஆகிவிடாது. சந்தையில் போட்டியை அது கணிசமாகப் பாதிக்கிறது என்று காட்ட வேண்டும். டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையத்தில் அதைக் காட்ட மஞ்சக்குப்பத்துக் கடைக்காரருக்கு நேரமும் பணமும் எங்கே இருக்கிறது? புகார் கொடுத்த மறுநாள் அவருக்குச் சரக்கு வருமா? சட்டம் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

நீங்களாவது விலையைக் குறைத்து விற்கலாமே?

எங்கள் வட்டாரத்தில் மூன்று விலைகள் உண்டு. டி.பி. என்பது எனக்கு விழும் டீலர் விலை. எம்.ஆர்.பி. என்பது பெட்டியில் அச்சிட்டது. நடுவில் எம்.ஓ.பி. என்று ஒன்று இருக்கிறது. சந்தையில் எல்லோரும் விற்க வேண்டிய விலை என்று மேலிருந்து வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ வருவது. அதற்குக் கீழே விற்றால் ஸ்கீம் பணமும் (விற்பனைக்குத் தரும் ஊக்கத்தொகை) கிரெடிட் நோட்டும் (பின்னால் கணக்கில் கழித்துத் தரும் தொகை) தாமதமாகும். அடுத்த முறை சரக்கு "தீர்ந்துவிட்டது" என்பார்கள். எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்லமாட்டேன். அனுபவப்படாத கடைக்காரர் அரிது.

சட்டம் இதில் ஒரு நல்ல கோடு போட்டிருக்கிறது. விற்பவர் ஒரு விலையைக் குறிப்பிடலாம். ஆனால் அதற்குக் குறைவாகவும் விற்கலாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். உச்சவரம்பு வைப்பது ஒன்று, "இதற்குக் கீழே போகாதே" என்று தரை போடுவது வேறொன்று. தரை போட்டால்தான் வாங்குபவருக்கு அடி.

இதைப் பெரிய நிறுவனங்களிடம் கேட்டும் இருக்கிறார்கள். டீலர்கள் தரும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் போல வேடமிட்ட ஆட்களை டீலரிடம் அனுப்பி, கூடுதல் தள்ளுபடி தருகிறாரா என்று உளவு பார்த்தார்கள் என்பது அந்த உத்தரவில் வந்த விவரம். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. இதேபோல் 2017-இல் ஹூண்டாய்க்கு விதித்த 87 கோடி அபராதத்தை அடுத்த ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. ஆக, நம் நாட்டில் இந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

ஐரோப்பாவில் கண்டிப்பு அதிகம். 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் நான்கு மின்னணு நிறுவனங்களுக்கு மொத்தம் 11 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. அதில் ஆசுஸின் பங்கு மட்டும் 6 கோடியே 35 லட்சம் யூரோ. ஜெர்மனியிலும் பிரான்சிலும் லேப்டாப், மானிட்டர் போன்றவற்றை ஆன்லைனில் குறைத்து விற்ற கடைகளைக் கண்டுபிடித்து, விலையை ஏற்றச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. சிப் நிறுவனத்தின் முன்னால் கைகட்டி நிற்கும் அதே கார்டு நிறுவனம், தனக்குக் கீழே உள்ள கடைக்காரரிடம் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். அதனால்தான் நடுவில் இருப்பவர்களை நான் வெறும் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்வதில்லை.

'ஜீஃபோர்ஸ் பார்ட்னர் புரோகிராம்' என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது. கார்டு நிறுவனங்களுக்காக என்விடியா கொண்டுவந்த திட்டம் அது; இரண்டு மாதம்கூட வெளிச்சத்தைத் தாங்கவில்லை. 2018 மார்ச்சில் கைல் பென்னட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதன் நிபந்தனைகளை வெளியே கொண்டுவந்தார். இந்தத் திட்டத்தில் சேரும் கார்டு நிறுவனம், கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்று தான் பல ஆண்டுகள் வளர்த்த பெயரை என்விடியா கார்டுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சேராதவர்களுக்குச் சரக்கு ஒதுக்கீட்டிலும் சலுகையிலும் பின்வரிசைதான் என்று அஞ்சினார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வாங்குபவருக்குக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காகத்தான் என்று என்விடியா சொன்னது. ஆனால் ஏப்ரலிலேயே ஆசுஸ் தன் ஏ.எம்.டி. கார்டுகளுக்கு 'அரெஸ்' என்ற புதுப் பெயரை வைத்துவிட்டது. எதிர்ப்பு வலுத்தபின் மே 4 அன்று என்விடியா திட்டத்தைக் கைவிட்டது.

பெயர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். என் கடைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கேட்பது சிப்பை அல்ல. "ஆர்.ஓ.ஜி. வேண்டும் அங்கிள்" என்பார்கள். அந்தப் பெயருக்கு விளம்பரச் செலவு செய்தது ஆசுஸ். அதை எந்தச் சிப்பின் மேல் ஒட்டலாம் என்று இன்னொருவர் முடிவு செய்வது எப்படி முறையாகும்?

கூட்டாளிகள் தலைக்கு மேலேயே மாடலின் பெயரை மாற்றிய கதை என்ன?

2022 செப்டம்பரில் என்விடியா 4080 என்ற பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 16 ஜி.பி., 12 ஜி.பி. இரண்டும் மெமரியில் மட்டுமல்ல, சிப்பிலேயே வேறு. கண்டனம் எழுந்ததும் அக்டோபர் 14 அன்று 12 ஜி.பி. கார்டைத் திரும்பப் பெற்றார்கள். அந்த மாடலில் என்விடியாவின் சொந்தக் கார்டு கிடையாது. செய்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் கூட்டாளிகள். அதே சிப் 2023 ஜனவரியில் 4070 டி.ஐ. என்ற பெயரில், 899-க்குப் பதில் 799 டாலருக்கு வந்தது. கண்டனம் செய்தவர்களால் வாங்குபவருக்கு நூறு டாலர் மிச்சம் ஆனது. கேள்வி கேட்டால் பலன் இருக்கிறது என்பதற்கு இதைத்தான் நான் உதாரணமாகச் சொல்வேன்.

ஏ.எம்.டி. வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையா?

கொஞ்சம் குறைவு, இல்லாமல் இல்லை. 2017 ஆகஸ்டில் வேகா 64 கார்டை 499 டாலர் என்று அறிவித்தார்கள். முதல் கொத்துச் சரக்கு தீர்ந்ததும் விலை ஏறிவிட்டது. அந்த 499 முதல் சரக்குக்கு மட்டும் தந்த சலுகை என்று இங்கிலாந்துக் கடைக்காரர் ஒருவர் வெளிப்படையாகவே எழுதினார். 2025 மார்ச்சில் 599 டாலருக்கு வந்த 9070 எக்ஸ்.டி.யிலும் இதே பேச்சு எழுந்தது. அறிவித்த விலை வெளியீட்டு நாளுக்கு மட்டுமானது என்பது சரியல்ல என்று ஏ.எம்.டி. மறுத்தது. கடையில் கார்டு பெரும்பாலும் அதற்கு மேல்தான் விற்றது.

எனக்குப் புரிந்தவரை இதன் சூட்சுமம் இதுதான்: வெளியீட்டு நாளில் விமர்சகர்கள் எழுதுவது அறிவித்த விலையை வைத்து. "இந்த விலைக்கு இது அருமை" என்ற தீர்ப்பு நெட்டில் நிரந்தரமாக நின்றுவிடும். விலை ஏறியபின் யாரும் அதைத் திருத்தி எழுதுவதில்லை. அதனால் எந்த விமர்சனத்தைப் படித்தாலும் அதில் சொன்ன விலையையும் இன்றைய கடை விலையையும் ஒப்பிட்ட பிறகே அந்தத் தீர்ப்பை நம்புங்கள்.

விமர்சகர்களின் மேலும் கை நீண்டதுண்டு. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு என்ற யூடியூப் சேனலுக்கு, தன் கார்டின் சிறப்பம்சங்களுக்கு உரிய இடம் தரவில்லை என்று சொல்லி, சோதனைக் கார்டு அனுப்புவதை நிறுத்துவதாக என்விடியா கடிதம் எழுதியது. சில நாட்களில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றது.

இன்டெல் 2022-இல் இந்தச் சந்தைக்கு வந்தது. மூன்றாவது கடை திறந்தது நல்லதுதான். ஆனாலும் தனிக் கார்டுச் சந்தையில் என்விடியாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் என்ற நிலையில், பேரம் பேசும் வலு எங்கே இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்டு நிறுவனங்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்து நிற்கலாமே?

எதிர்த்து நிற்க முதலில் அவர்கள் தேவைப்பட வேண்டும். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 13,050 கோடி டாலர். அதில் விளையாட்டுக் கார்டுகளின் பங்கு சுமார் 1,135 கோடி; பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றது பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள். முறைத்துக்கொண்டு போகும் கூட்டாளியால் அந்த நிறுவனத்துக்குக் காய்ச்சலும் வராது.

சிப் நிறுவனமே நேரடியாக எல்லாக் கார்டையும் செய்து விற்றால் விலை குறையாதா?

ஒருமுறை ஒருவர் முயன்றார். தொண்ணூறுகளில் 3டிஎஃப்எக்ஸ் என்ற பெயர் எங்கள் தலைமுறைக்கு மந்திரம் போல. 1998 இறுதியில் எஸ்.டி.பி. என்ற கார்டு நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்து, இனிமேல் நாங்களே கார்டு செய்வோம் என்று கிளம்பினார்கள். அதுவரை அவர்கள் சிப்பை வாங்கிக்கொண்டிருந்த கார்டு நிறுவனங்கள் அன்று வளர்ந்துகொண்டிருந்த என்விடியாவிடம் போயின. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை அந்த என்விடியாவிடமே விற்க நேர்ந்தது. ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பதும், தேங்கினால் நஷ்டப்படுவதும், பழுதானால் வாங்கிக்கொள்வதும் சிறிய வேலை இல்லை. அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும்; லாபத்தில் மட்டும் அவர்களுக்குப் பங்கு குறைவாக இருந்தால் போதும் என்பது இன்றைய ஏற்பாடு.

புதுச்சேரியில் வாங்கினால் மலிவா?

முள்ளோடை தாண்டிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இதைத் தவறாமல் கேட்பார்கள். பெட்ரோலுக்கு மாநிலந்தோறும் வரி வேறு, கார்டுக்கு அப்படியில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் கடலூரிலும் 18 சதவீதம், நேரு வீதியிலும் 18 சதவீதம். ஐந்நூறு, ஆயிரம் வித்தியாசம் இருந்தால் அது அந்தக் கடைக்காரர் எந்த விலையில் சரக்கு எடுத்தார் என்பதைப் பொறுத்தது. பழுது என்றால் திரும்ப எடுத்துக்கொண்டு போக 22 கிலோமீட்டர் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எம்.ஆர்.பி.க்குக் கீழே கொடுத்தால் அது தள்ளுபடிதானே?

இல்லை. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் கார்டுப் பெட்டிகளில் அச்சிடும் எம்.ஆர்.பி. நடப்பு விலையைவிட வெகு உயரத்தில் இருக்கும். "எண்பதாயிரம் போட்டதை ஐம்பத்தைந்துக்குத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். இன்னும் இரண்டு கடையில் கேளுங்கள்.

காத்திருந்தால் விலை இறங்குமா?

சில சமயம் இறங்கும். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே விலை சரியத் தொடங்கியது. அப்போது என்னிடம் கூடிய விலைக்கு எடுத்த ஆறு கார்டுகள் இருந்தன. விலை இறங்கினால் வித்தியாசத்தை ஈடுகட்டித் தருவதற்கு 'விலைப் பாதுகாப்பு' என்று எங்கள் வியாபாரத்தில் ஒரு பேச்சு உண்டு. பெரிய ஆன்லைன் விற்பனையாளர்களுக்கு அது நடைமுறை. எனக்கு விநியோகஸ்தர் போனையே எடுக்கவில்லை. ஆறையும் நஷ்டத்துக்கு விற்றேன்.

அதனால் என் ஆலோசனை: வேலைக்குத் தேவை என்றால், வருகிற முகூர்த்தத்துக்குள் அந்தக் கார்டு சம்பாதித்துக் கொடுக்கும் என்றால் வாங்குங்கள். விளையாட்டுக்கு என்றால், புது வரிசை வெளியாகி முதல் இரண்டு மாதம் பக்கத்திலேயே போகாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்தால்?

துபாயிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருகிறவர்கள் நம் பக்கம் நிறைய. வாங்கும் முன் அந்தக் கார்டு நிறுவனம் இந்தியாவில் வாரண்டி தருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாரண்டியை நாட்டெல்லையோடு கட்டுவதும் ஒருவகை விலைக் கட்டுப்பாடுதான். 2016-இல் இன்டெல், பெட்டியில் அடைத்துத் தனியாக விற்கும் தன் புராசசர்களுக்கு (கம்ப்யூட்டரின் முதன்மைச் சிப்), இந்தியாவில் அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் வாங்கியதற்கு மட்டுமே இங்கே வாரண்டி என்று விதியை மாற்றியது. அதன்மேல் வந்த புகாரை விசாரிக்கும்படி 2019-இல் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. வேறு நாட்டில் மலிவாகக் கிடைக்கும் அசல் பொருளை இங்கே கொண்டுவர யாரும் துணியாதபடி செய்துவிட்டால், இங்கே விலை எப்படி இறங்கும்?

கடையில் ஏமாற்றினால் யாரிடம் சொல்வது?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம். என் கடைமேல் என்றாலும் தயங்காதீர்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெயருக்குப் பின்னால் இருக்கும் மெமரி அளவைப் படியுங்கள். 1060-இல் 3 ஜி.பி. மாடலுக்கு 1,152 கோர்கள் (சிப்புக்குள் கணக்குப் போடும் சிறு அலகுகள்), 6 ஜி.பி.க்கு 1,280. 3050-இல் 8 ஜி.பி.க்கு 2,560, 6 ஜி.பி.க்கு 2,304. ஒரே பெயர், வேறு வேறு கார்டு.

வரிசை எண்ணோடு ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். ஸ்டுடியோவுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள். கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில் வேண்டாம் என்றால் இரண்டாயிரம் குறைக்கிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

பிறகு, கடைக்காரரிடம் கொள்முதல் பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லோரும் காட்டமாட்டார்கள். என் கவுன்டரில் இழுப்பறையின் மேல் தட்டிலேயே அது இருக்கிறது.